நாலாவது சரணம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெங்கடபதி. அவர் மனைவி வெங்கடலட்சுமி. தாராபுரத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா ராமாமணி. மூத்த மகன் உதய். உதயின் மகள், நாலு வயசுப் பூஜிதா. சமையலுக்கு வந்த ரங்கம்மாள். கேட்டில் காவலுக்கு நின்ற ஐயாசாமி. உதயின் மனைவி பிரசவத்துக்கு அன்னூர் போயிருந்தாள். அவளைச் சேர்க்க வேண்டாம். கேட்டுக்கு வெளியே, ரோட்டில், பதினோரு பையன்கள். அதில் ஒருவன் ஐயாசாமியின் இளைய மகன் அன்புமணி. ஆக மொத்தம் பதினெட்டுப் பேர். அந்தப் பாட்டின்மேல் பைத்தியமாக இருக்கிறவர்களில் நூறு பேராவது, “நானும் அன்னிக்கு அங்கதான் நின்னேன்” என்று பேக்கரியில் டீயை உறிஞ்சிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

1999-ஆம் வருஷம், ஆடி பிறந்து எட்டாம் நாள். சாய்குமாருக்கு வருஷத் திவசம். வெங்கடபதியின் இளைய மகன் அவன். போன வருஷம் இதே திதியில், இருபத்து மூன்று வயதில், அவிநாசி ரோட்டில் மழையில் பைக் சறுக்கிப் போய்விட்டான். குடித்திருக்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. போலீஸ் எழுதின காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

சாய்குமார் என்ஜினியரிங் படிக்கும்போது மூன்று சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தான். பெயர் ‘மூன்றாம் ஷிப்ட்’. மில் வீட்டில் பிறந்தவனுக்கு வேறென்ன பெயர் தோன்றும்? மில்லுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த பஞ்சு குடோனில் பாடிப் பழகினார்கள். பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் இருந்தன. நிலைத்தது ஒன்றுதான். அதற்கு ‘அளவெடுக்காதே’ என்று பெயர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். டெய்லர் நாடாவோடு வந்து நிற்கிறான். பையன் தாயிடம் சொல்கிறான்:

‘அளவெடுக்காதே அம்மா, அளவெடுக்காதே,
நான் இன்னும் வளர்ற பையன், அளவெடுக்காதே.’

இவ்வளவுதான் பல்லவி. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பீளமேட்டிலிருந்து காரமடை வரைக்கும் காலேஜ் பையன்களும், லேத் பட்டறைப் பையன்களும், பவுண்டரியில் மண் சலிக்கிறவர்களும் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். டவுன் பஸ்ஸின் பின்சீட்டில் பாடினார்கள். காதல் தோற்றவன் பாடினான். அரியர் விழுந்தவன் பாடினான். சண்டை வேண்டாம் என்கிற பாட்டுக்காக, அதைக் கிண்டல் பண்ணினவர்களோடு அவர்கள் எத்தனை தடவை கட்டிப் புரண்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பாட்டு ஊரில் ஒரே ஒரு பதிவாகத்தான் இருந்தது. 1997-இல் காலேஜ் விழாவில் யாரோ ஒரு பையன் டேப் ரெக்கார்டரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பதிவு செய்தது. அதை நகல் எடுத்து, நகலுக்கு நகல் எடுத்து, இரைச்சலும் பாட்டும் ஒன்றாகிவிட்ட கேசட். அதில் இரண்டாவது சரணம் முடிந்து மூன்றாவது தொடங்கும் முன் யாரோ இருமுவார். வறட்டு இருமல். இரண்டு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. ரசிகர்கள் பாடும்போது அந்த இடத்தில் அந்த இருமலையும் இருமினார்கள். இருமாமல் தாண்டிப் போகிறவனைப் புதுசு என்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மேடையில் பாடியது மூன்று சரணம். நாலாவது ஒன்று உண்டு என்பது ரசிகர்களுக்குத் தெரியும். டிரம்ஸ் வாசித்தவன் அமெரிக்காவுக்குப் போகும் முன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்: குடோனில் ஒரு தடவை முழுப் பாட்டையும் பதிவு செய்தோம், நாலாவதை சாய்குமார் ஒருத்தன்தான் பாடினான், எனக்கு வரிகள் ஞாபகம் இல்லை, கேசட் அவன் வீட்டில் இருக்கும் என்று.

கேசட் வீட்டில்தான் இருந்தது. வெங்கடபதியின் இரும்பு பீரோவில், பத்திரங்களுக்கு அடியில். மகன் போன இரண்டாம் மாதம் அவன் அறையில் அது கிடைத்தது. வெங்கடபதி காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ஒரே ஒரு முறை கேட்டார்.

‘எங்கப்பன் தறியில பச்சை ஓடுது,
எட்டெட்டு மணியா மூணு ஷிப்ட்.
எந்த ஊர்ப் பையனுக்கு எந்தச் சட்டையோ,
என் சோறு அந்தச் சட்டையில.’

வெங்கடபதியின் மில் பட்டாளத்துக்குப் பச்சைத் துணி நெய்கிறது. அவருடைய தகப்பனார் காலத்தில் அறுபத்தைந்து சண்டையின்போது வந்த ஆர்டர். அன்றிலிருந்து ஒரு கஜம்கூட மட்டம் என்று திரும்பி வந்ததில்லை. அதற்கு டில்லியிலிருந்து வந்த கடிதம் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அந்தத் துணியில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, அந்தச் சோற்றைப் பற்றி இப்படிப் பாடுவதா? பிள்ளை போன துக்கம் ஒன்று. பிள்ளை சொல்லிவிட்டுப் போன சொல் இன்னொன்று. முதலாவதை யாரிடமும் காட்டவில்லை. இரண்டாவதைப் பூட்டி வைத்தார்.

ரசிகர்கள் மூன்று தடவை வந்து கேட்டார்கள். மூன்று தடவையும் ஐயாசாமி மூலமாக ஒரே பதில் போயிற்று: வீட்டுப் பொருள் வீட்டில்தான் இருக்கும்.

இனி அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திவசத்தன்று செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் போட்டோவுக்கு முன்னால் இலையில் படைப்பார்கள். எல்லோரும் வெளியே வந்ததும் வீட்டுக்காரி கடைசியாக வந்து கதவைச் சாத்துவாள். வந்து சாப்பிட்டுப் போக அவருக்கு நேரம் விட வேண்டும். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம். அதுவரைக்கும் வீட்டார் யாரும் வாய் திறக்கக் கூடாது. பாத்திரம் ஒலிக்கக் கூடாது. முக்கியமாக யாரையும் அதட்டக் கூடாது. இது பல வீடுகளில் உள்ளதுதான். இந்த வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. சோறும் பலகாரமும் தவிர இலையில் எது வைத்தாலும் அது மறுபடி வீட்டுக்குள் போகக் கூடாது. கேட்டில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்குப் போய்விட வேண்டும்.

எழுபத்து நாலில் வெங்கடபதியின் தகப்பனாருக்கு வருஷத் திவசம் வந்தபோது, அவர் தங்கை சின்னத்தை ஆசையாக அவருடைய கைக்கடிகாரத்தை இலையில் வைத்துவிட்டாள். வெளிநாட்டுக் கடிகாரம். வீடே ரெண்டுபட்டது. “இலைக்கு வந்தது இலைக்காரருக்கு. அதைத் திரும்ப எடுத்தா, செத்தவங்க கையில குடுத்துப்போட்டுப் புடுங்கின மாதிரி” என்று சொல்லி வழக்கை முடித்தவர் வெங்கடபதிதான். அப்போது கேட்டில் நின்றவன் ஐயாசாமி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடிகாரத்தைக் கேட் தூணின் மேல் வைத்தார்கள். வைத்தவர்கள் நகர்ந்த பிறகு ஐயாசாமி எடுத்துக்கொண்டான். அப்போது அப்படித்தான். இருபத்தைந்து வருஷமாக அது அவன் கையில்தான் ஓடுகிறது.

ஆடி எட்டாம் நாள் பகல் பன்னிரண்டுக்குப் படையல் போட்டார்கள். அரிசிம்பருப்பு சாதம், கத்திரிக்காய்ப் பொரியல், பாயசம், பேக்கரியிலிருந்து வாங்கி வந்த தேங்காய் பன் இரண்டு.

“பன்னெல்லாம் இலையிலயா லட்சுமி?” என்றாள் ராமாமணி.

“அவனுக்குப் பிடிக்கும் வதினே” என்றாள் வெங்கடலட்சுமி நாத்தனாரிடம்.

“பிடிச்சதை வைக்கிறதுதான் முறை” என்றார் வெங்கடபதி. “வெச்சுட்டு வா.”

எல்லோரும் போர்டிகோவுக்கு வந்தார்கள். வெங்கடலட்சுமி கடைசியில் வந்து கதவைச் சாத்தினாள். பீரோ சாவி உட்பட எல்லாச் சாவியும் கோத்த வளையம் எப்போதும் போல அவள் இடுப்பில் தொங்கியது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கதவு சாத்தியதும்தான் கேட்டுக்கு வெளியே பைக்குகள் வந்து நின்றன. பதினோரு பேர் இறங்கினார்கள். கையில் கிட்டார் இல்லை, மேளம் இல்லை. கூச்சல் போடவும் இல்லை. ஐயாசாமி கேட்டுக்கு உள்பக்கம் நின்று கையால் போ போ என்று சைகை காட்டினான். அவன் மகன் அன்புமணி அப்பனைப் பார்க்காத மாதிரி பைக் டேங்கின் மேல் விரலால் நாலு தட்டுத் தட்டினான். பாட ஆரம்பித்தார்கள்.

உதய் ரெண்டு படி இறங்கிவிட்டான். வெங்கடபதி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். சாத்தியிருந்த கதவைக் கண்ணால் காட்டினார். உதய் நின்றான். அந்த நேரத்தில் ரோட்டில் போகிற நாயைக்கூட அந்த வீட்டார் விரட்டக் கூடாது.

ஆகவே வெங்கடபதி தம் போர்டிகோவில் நின்று அந்தப் பாட்டு முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று. பேப்பரைத் திறந்தால் கார்கில். ரேடியோவைத் திருப்பினால் கார்கில். ஊரில் தினம் ஒரு ஊர்வலம். மில்லில் மூன்று ஷிப்டும் பச்சைத் துணி ஓடுகிறது. இந்த நாளில் இந்த வீட்டு வாசலில் இந்தப் பாட்டு. பக்கத்து வீட்டு மாடியில் யாராவது நிற்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தார். யாரும் இல்லை.

இரண்டாவது சரணம் முடிந்தது. பதினோரு பேரும் சேர்ந்து இருமினார்கள். இரண்டு தடவை, கொஞ்சம் விட்டு, இன்னொரு தடவை.

பூஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெங்கடபதி சிரிக்கவில்லை. அது அவருடைய இருமல்.

தொண்ணூற்றேழில் அந்தக் காலேஜ் விழாவுக்கு அவர் போயிருந்தார். மனைவிக்குத் தெரியாது, டிரைவரிடம் வேறு வேலை என்று சொல்லி நாலு தெரு தள்ளி இறங்கிக்கொண்டார். மகன் அப்படி என்னதான் பாடுகிறான் என்று பார்க்கப் போனது. கடைசி வரிசைக்கும் பின்னால் தூண் ஓரமாக நின்றார். முப்பது வருஷம் பஞ்சுத் தூசியில் இருந்த நெஞ்சு. பாட்டின் நடுவே இருமல் வந்துவிட்டது. பக்கத்தில் டேப் ரெக்கார்டரைத் தோளில் வைத்திருந்த பையன் திரும்பி முறைத்தான். மேடையிலிருந்து சாய்குமாரும் அந்தப் பக்கம் பார்த்த மாதிரிதான் இருந்தது. அவன் தம்மைப் பார்த்தானா என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. பாட்டு மூன்று சரணத்தோடு முடிந்தது என்பது மட்டும் தெரியும்.

பாடி முடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். வெங்கடலட்சுமி கதவை மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தாள்.

“அத்தனை பேருக்குமா சளி?” என்றாள் ராமாமணி. “ஆடிக் காத்துல நின்னு தொண்டையைக் கிழிச்சா வராம என்ன பண்ணும்.”

உள்ளே போனார்கள். இலையில், தேங்காய் பன்னுக்குப் பக்கத்தில், கேசட் இருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“எடுங்க நைனா” என்றான் உதய். “அம்மா தெரியாம வெச்சுட்டாங்க. எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. நம்ம அஞ்சு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?”

“நான் தெரிஞ்சேதான் வெச்சேன்” என்றாள் வெங்கடலட்சுமி.

“லட்சுமி, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?” ராமாமணி குரலைத் தாழ்த்தினாள். “அதுல என்ன பாடி வெச்சிருக்கான்னு தெரியுமா உனக்கு? தம்பி எங்கிட்டச் சொல்லியிருக்கான். குடும்பத்து மானம் அது.”

“எனக்குத் தெரியாது வதினே. எனக்கு யாரும் போட்டுக் காட்டலை. எம் பையன் குரல் வீட்டுல இருக்குது, பத்திரத்துக்கு அடியில இருக்குது, அதுதான் தெரியும்.” பிறகு கணவரைப் பார்த்தாள். “பிடிச்சதை வைக்கிறதுதான் முறைன்னு இப்பத்தானே சொன்னீங்க.”

வெங்கடபதி இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதய் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எடுத்துப் பூட்டிவிட்டால் நாலு வரி யாருக்கும் தெரியாமல் போய்விடும். மில்லின் பெயர் மில்லின் பெயராகவே இருக்கும். ஆனால் கதவுக்கு வெளியே, கேட்டில், கையில் அந்தக் கடிகாரத்தோடு ஒருவன் நிற்கிறான். தகப்பன் பொருளுக்கு ஒரு வழக்கம், தமக்கு வலிக்கிற பொருளுக்கு வேறொரு வழக்கம் என்றால், அதற்குப் பெயர் வழக்கம் இல்லை.

“இது ஐயாசாமி வேலை நைனா” என்றான் உதய். “இன்னிக்கு வந்து நில்லுங்கடான்னு அவன்தான் பையனுக்குச் சொல்லிக் குடுத்திருப்பான்.”

“கூப்பிடு அவனை.”

ஐயாசாமி செருப்பைப் போர்டிகோவுக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்றான்.

“பையனுக்கு நீ சொன்னியா?”

“வழக்கத்தைச் சொன்னேனுங்க மொதலாளி. இந்தக் கடியாரம் எப்படி வந்துதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லியிருக்கறேனுங்க. கேசட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க. கேட்டையும் திறக்கலீங்க.”

“பெரியவன் பாலுசாமி எங்க இருக்கறான் இப்ப?”

“மேலதானுங்க. கார்கில்ல. கடுதாசி வந்து நாப்பது நாளாச்சுங்க.” ஐயாசாமி கடிகாரத்தைத் தடவினான். “அவனுக்கும் இந்தப் பாட்டுன்னா உசுருங்க. பட்டாளத்துக்காரனுக்கு எதுக்குடா இதுன்னு அவங்கம்மா பழனியாத்தா கேட்டதுக்கு, பட்டாளத்துக்காரனுக்குத்தான்மா இதுன்னு சொல்லிப்போட்டு ரயில் ஏறுனானுங்க.”

வெங்கடபதி குனிந்து கேசட்டை எடுத்தார். அதன் ஓரத்தில் பாயசம் பட்டிருந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்.

“நைனா, நாலாவது சரணத்தை வெளிய விடக் கூடாதுன்னாவது சொல்லிக் குடுங்க.”

“குடுக்கற பொருளுக்குக் கண்டிசன் போடறது நம்ம வீட்டுல கிடையாது.”

கேட் வரைக்கும் நடந்தார். ஐயாசாமி ஓடிப்போய்த் திறந்தான். பையன்கள் சிகரெட்டைப் பின்னால் மறைத்தார்கள்.

“யாரு இதுக்குத் தலைவன்?”

“தலைவன்னு யாரும் இல்லீங்க. நான் அன்புமணிங்க.”

“தெரியும். நடுவுல இருமுனீங்களே, அது எதுக்கு?”

“அது பாட்டுல இருக்குதுங்க.”

“பாட்டுல ஏதுடா இருமல்?”

“காலேஜ்ல பாடறப்ப எவனோ ஒருத்தன் இருமிப்போட்டானுங்க. மொதல்ல எங்களுக்கும் ஆத்திரந்தானுங்க. அப்புறம் கேட்டுக் கேட்டு, அது இல்லாம பாட்டு நகர மாட்டேங்குது.”

“அந்த ஆள் கெடைச்சா உதைக்கறதுக்கு இன்னும் தேடிட்டுத்தானுங்க இருக்கறோம்” என்றான் பின்னால் ஒருவன். மற்றவர்கள் அவனை அடக்கினார்கள். அடக்கிக்கொண்டே சிரித்தார்கள்.

வெங்கடபதிக்குத் தொண்டையில் கரகரத்தது. வந்த இருமலை விழுங்கிக்கொண்டார்.

“இது குடோன்ல பாடினது. இதுல அந்த இருமல் இருக்காது.”

அன்புமணி கேசட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: “பரவாயில்லீங்க. நாங்களே இருமிக்கறோமுங்க.”

ஐயாசாமி பழக்கத்தில் தூணைப் பார்த்தான். வெங்கடபதி தூணின் மேல் வைக்கவில்லை. வலது கையை நீட்டினார். அன்புமணி இரண்டு கையையும் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். கையிலிருந்து கைக்குப் போயிற்று.

“சாப்பிட்டுப் போங்க” என்றார் வெங்கடபதி. “பதினோரு பேருக்குப் போதாது. ரங்கம்மா மறுபடி வடிப்பா. இருங்க.”

அவர்கள் போர்டிகோவில் உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டார்கள். ராமாமணியே பரிமாறினாள், இருமுகிறவர்கள் பாயசம் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஊற்றினாள். சாப்பிட்டு முடிந்ததும் வெங்கடலட்சுமி அன்புமணியிடம் வந்து, “ஏன் கண்ணு, ஒரு தடவை இங்கயே போடறியா?” என்று கேட்டாள். சாய்குமாரின் பழைய டேப் ரெக்கார்டரை உதயே எடுத்து வந்து வைத்தான். பாட்டு ஓடியது. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் பையன்கள் வாயில் கையை வைத்து மெதுவாக இருமினார்கள். பிறகு நாலாவது வந்தது.

‘என் சோறு அந்தச் சட்டையில.’

வெங்கடலட்சுமி கேட்டு முடித்துவிட்டு, “இதுல என்ன தப்பிருக்குது? நிஜந்தானே” என்று சொல்லி எச்சில் இலைகளைப் பார்க்கப் போனாள். ஐயாசாமி கேட்டில் நின்றபடியே கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான். வெங்கடபதி உள்ளே போய்விட்டார்.

பாலுசாமியின் கடிதம் ஆடி பதினேழில் வந்தது. ஐப்பசியில் அவனே வந்தான். மில்லின் பச்சைத் துணி ஆர்டருக்கு ஒரு குறையும் வரவில்லை, இன்றைக்கும் ஓடுகிறது.

இப்போது ஊரில் பரவியிருக்கிற கேசட்டுகளில் பலவற்றில் மூன்று சரணம்தான் இருக்கிறது. அதனால், வெங்கடபதி நாலாவது சரணத்தை அழித்துவிட்டுத்தான் கேசட்டைக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அவர் அழிக்கவில்லை. முதலில் நகல் எடுத்த பையன் வேறு பாட்டு பாதி ஓடியிருந்த பழைய கேசட்டில் எடுத்தான், நாடா தீர்ந்துவிட்டது. கொடுத்த கேசட் காளப்பட்டியில் ஐயாசாமி வீட்டில் இருக்கிறது. அதில் நாலு சரணமும் இருக்கின்றன.